இருபத்து மூன்றாவது கேள்வி

சதுரங்கப்பட்டினம்
6 அக்டோபர் 2024

ஜாக்குலினுக்கு, உன் நைனா இன்னாசி சொல்லி எழுதுவது.

போன் போட்டால் நீ எடுப்பதில்லை. இரண்டு மாதமாக மணி அடித்து அடித்து அதுவே ஓய்ந்து போகிறது. காகிதம் என்றால் கிழித்துப் போடவாவது கையில் எடுத்தாக வேண்டும். அதனால்தான் பஸ் ஸ்டாப் ஜெராக்ஸ் கடையில் ரேணுகா முன்னால் வந்து உட்கார்ந்திருக்கிறேன். நான் பேசுகிறேன், அவள் எழுதுகிறாள். என் பேச்சைப் பள்ளிக்கூடத் தமிழாக மாற்றிவிடுகிறாள். மாற்றட்டும். கோபத்தை மட்டும் மாற்றாதே என்று சொல்லியிருக்கிறேன்.

ஆகஸ்ட் பத்தாம் தேதி, சனிக்கிழமை. பத்து மணிக்கு உன் கம்ப்யூட்டர் சர்டிபிகேட் பரீட்சை, வீட்டிலிருந்தே. ஒன்பதே முக்காலுக்கு நீ போனைத் தூக்கிப் பிடித்து அறையின் நாலு மூலையையும் படம் எடுத்தாய். காலண்டரைக் கழற்றி என் கையில் கொடுத்தாய். மாதா படத்தின் கீழே இரண்டு வரி எழுத்து இருக்கிறது என்று அதையும் கழற்றச் சொன்னாய். நான் கழற்றவில்லை, சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்தேன். எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் செய்தேன்.

பிறகு வெளியே பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து காவல் காத்தேன். மீன்காரியைக் கூடையோடு தெருமுனையிலேயே நிறுத்தினேன். கேஸ் வண்டிக்காரன் சிலிண்டரைத் தட்டக் கையை ஓங்கினான், கையைப் பிடித்தேன். பக்கத்து வீட்டு சாராளின் சேவலைத் துரத்திப் பிடித்து அவள் மடியிலேயே கொடுத்து, "ஒண்ணரை மணி நேரம் வாயக் கட்டி வையி" என்றேன். "சேவலு வாயயா, எம் வாயயா அண்ணாத்த?" என்று கேட்டாள். ரெண்டையும் என்றேன்.

கடைசியில் உள்ளே வந்து வலது பெருவிரலால் உன் நெற்றியில் சிலுவை போட்டேன். நான் செய்த குற்றம் அவ்வளவுதான். அந்தக் கம்ப்யூட்டருக்குள் ஒருவன் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பான், இன்னொரு ஆள் முகம் தெரிந்தால் பரீட்சையே ரத்து என்று படிக்காதவனுக்கு எப்படித் தெரியும்?

அன்று சாயங்காலம் வாசலில் நின்று செய்யூருக்குப் போன் போட்டு அண்ணன் ஜெரோமிடம் ஒரு வார்த்தை சொன்னாய். "நைனா கெடுத்துட்டாரு." மறுநாள் பையைத் தூக்கிக்கொண்டு மறைமலைநகர் போய்விட்டாய். நீ போனாய், அந்த வார்த்தை போகவில்லை. தெருவில் சுற்றிக்கொண்டிருக்கிறது.

இந்தத் தெருவில் பரீட்சைக்குப் போகிற பிள்ளை என் வாசலில் நின்று நெற்றியைக் காட்டிவிட்டுத்தான் பஸ் ஏறும். முதல் பிள்ளை சாம். 1993 மார்ச், பத்தாம் வகுப்பு. இங்கிலீஷில் முப்பத்தாறு வாங்கித் தப்பித்தான். இன்று மதுராந்தகத்தில் வாத்தியார். அன்றிலிருந்து ஒரு வருடம் தவறியதில்லை. இந்தக் காலாண்டுப் பரீட்சைக்கு ஒரு பிள்ளை வரவில்லை. சாராள் மகள் பின்பக்கச் சந்து வழியாகப் போனாள். அவள் சைக்கிள் செயின் சத்தம் எனக்குத் தெரியாதா?

நான் கெடுத்தேன் என்றே வைத்துக்கொள். அதை என்னிடம் சொல்லியிருக்கலாம்.

இன்னாசி
(இடது கைப் பெருவிரல் ரேகை)


மறைமலைநகர்
20 அக்டோபர் 2024

நைனா,

கடிதத்தைக் கிழிக்கவில்லை. நானும் காகிதத்திலேயே பதில் எழுதுகிறேன். போனில் பேசினால் நான் ஒரு வாக்கியம் முடிப்பதற்குள் நீ 1993க்குப் போய்விடுவாய். ரேணுகாக்கா படிக்கும்போது உன்னால் குறுக்கே பேச முடியாது. அக்கா, அவர் பேசினால் நிறுத்திவிட்டு மறுபடி முதல் வரியிலிருந்து படியுங்கள்.

உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்கிறாய். முதல் நாள் ராத்திரி சோறு போடும்போது சொன்னேன். காலையில் சொன்னேன். கதவைச் சாத்தும்போது மூன்றாம் முறை சொன்னேன். தாழ்ப்பாள் உடைந்து ஒரு வருடமாகிறது, சரிசெய்து கொடு என்றதற்கு "நான் இருக்கும்போது தாழ்ப்பாள் எதுக்கு?" என்றாய். மீன்காரியை, கேஸ்காரனை, சேவலை எல்லாம் நிறுத்திய வாட்ச்மேன் தன்னை மட்டும் நிறுத்தவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. நீ மறந்ததுபோல் நடிப்பாய், ஆனால் நீ எதையும் மறப்பதில்லை. மே மாதம் கார்த்தி வீட்டுக்கு வந்தான். என்னோடு காலேஜில் படித்தவன். செங்கல்பட்டில் ஒரு ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ள இரண்டு ஆள் வேண்டும், சேர்ந்து போகலாம் என்று கூப்பிட்டான். நீ அவனை உட்காரக்கூடச் சொல்லவில்லை. "ஒயரு இஸ்துகினு பரண் மேல ஏறவா எம் பொண்ணு பி.எஸ்சி. படிச்சிது? மொதல்ல சர்டிபிகேட்டு வாங்கட்டும். அது கையில இருந்தா கம்பெனிக்காரன் வூடு தேடி வருவான்" என்றாய். நானும் கேட்டுக்கொண்டேன்.

கார்த்தி அங்கே ஐந்து மாதமாக வேலை பார்க்கிறான். நான் இங்கே ரப்பர் வளையங்களை வெளிச்சத்தில் தூக்கி ஓட்டை இருக்கிறதா என்று பார்க்கிறேன். ஷிப்டுக்கு இரண்டாயிரம் வளையம். கம்பெனி பஸ் கொண்டுவந்து விடுகிறது. ஹாஸ்டலில் ஆறு பேர் ஒரு அறை. மற்றவர்கள் தூங்கும்போது போர்வைக்குள் போனை வைத்துக்கொண்டு அதே பாடத்தை மறுபடி படிக்கிறேன். இந்த முறை சென்னையில் சென்டருக்குப் போய் எழுதுவேன். அங்கே கதவு இருக்கும்.

தெரு பேசுவதற்கு நான் என்ன செய்ய?

ஜாக்குலின்


சதுரங்கப்பட்டினம்
3 நவம்பர் 2024

ஜாக்குலினுக்கு,

நேற்று கல்லறைத் திருநாள். உன் அம்மாவுக்கு இரண்டு மெழுகுவர்த்தி வைத்தேன். ஒன்று என்னுடையது, ஒன்று உன் பங்கு. கடற்காற்றில் உன்னுடையது முதலில் அணைந்தது. மூன்று தடவை ஏற்றினேன்.

கார்த்தியை உட்காரச் சொல்லவில்லை என்கிறாய். உண்மை. சர்டிபிகேட் முதலில் என்று நான் ஏன் சொன்னேன் என்று நீ கேட்டதே இல்லை. நானும் சொன்னதில்லை. வேலையை விட்டு நானே நின்றுவிட்டேன் என்றுதான் உங்கள் எல்லாரிடமும் சொல்லிவைத்திருக்கிறேன்.

நீ இருக்கிற அதே மறைமலைநகரில், 1994 பொங்கல் கழிந்து மூன்றாம் நாள் ஒரு கம்பெனி கேட்டில் வாட்ச்மேனாக நின்றேன். பெயர் வேண்டாம். எழுத்து தெரியாது, எண் தெரியும். லாரியில் நாலு எண்தானே? உள்ளே வந்தது, வெளியே போனது, என்ன நேரம், எத்தனை பெட்டி, எல்லாம் தலையில் இருக்கும். சாயங்காலம் சூப்பர்வைசர் நோட்டைப் பிரித்துக்கொண்டு உட்காருவார், நான் சொல்லச் சொல்ல எழுதுவார். 2005 மழையில் ஆபீசுக்குள் வெள்ளம் வந்து நோட்டு ஊறிப் போனது. மூன்று நாள் வண்டிகளையும் வரிசையாகச் சொன்னேன். நூற்றுப் பதினேழு வண்டி. ஒன்று தப்பவில்லை. அன்று எனக்கு பிரியாணி வாங்கிக் கொடுத்தார்கள்.

2013இல் புது மேனேஜர் வந்தான். மீசைகூட ஒழுங்காக முளைக்கவில்லை. "பெரியவரே, செக்யூரிட்டி டிரெயினிங் சர்டிபிகேட்டு கீதா?" என்றான். பத்தொன்பது வருடமாக இங்கேதான் நிற்கிறேன் என்றேன். "நிக்கறது எனக்குத் தெரியுது. காகிதம் கீதா?" என்றான். இல்லை. அன்று மத்தியானம் என் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

என் இடத்துக்கு வந்தவனிடம் காகிதம் இருந்தது. பதினோராம் நாளே, ஒரு பாஸைக் காட்டி இன்னொரு லோடை ஒருத்தன் ஏற்றிக்கொண்டு போக, இவன் சல்யூட் அடித்து அனுப்பினான். அவனை வேலையைவிட்டு எடுத்தார்களா? இல்லை. மறுபடி டிரெயினிங் அனுப்பி இன்னொரு சர்டிபிகேட் வாங்கிக் கொடுத்தார்கள்.

அதைப் பார்த்தவன் பெற்ற பிள்ளைக்கு வேறு என்ன சொல்வான்? வேலை தெரிந்தவனைக் காகிதம் வெளியே தள்ளியது. தெரியாதவனைத் தாங்கிப் பிடித்தது. அந்தப் பக்கம் நீ இருக்க வேண்டும் என்று நினைத்தேன். தப்பா?

இரண்டாம் முறை எழுது. ஆனால் நீ இன்னும் அண்ணனிடம் பேசவில்லை.

இன்னாசி
(இடது கைப் பெருவிரல் ரேகை)


மறைமலைநகர்
26 ஜனவரி 2025

நைனா,

டிசம்பரில் பாஸ் செய்துவிட்டேன். பிரின்ட் எடுத்து இதோடு வைத்திருக்கிறேன். ஒன்று போதாதென்று, இலவசமாகக் கிடைத்த இன்னொரு சின்னப் பரீட்சையும் எழுதினேன். மொத்தம் இரண்டு. உனக்குச் சந்தோஷமா?

சந்தோஷப்பட்டு முடித்துவிட்டு மீதியைக் கேள்.

சர்டிபிகேட் இல்லாமல் அறுபது கம்பெனிக்கு விண்ணப்பம் போட்டிருந்தேன். ஒருவர் கூப்பிடவில்லை. சர்டிபிகேட்டோடு நாற்பது போட்டேன். மூன்று பேர் கூப்பிட்டார்கள். அதனால் அது வீண் என்று நான் சொல்ல மாட்டேன். கூப்பிட வைக்கிறது.

பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு கம்பெனி. கண்ணாடிக் கட்டடம். ஒரு அம்மாவும் ஒரு இளைஞனும் எதிரில் உட்கார்ந்தார்கள். அந்த அம்மா என் தாளைத் தள்ளி வைத்துவிட்டுச் சிரித்தபடி கேட்டார்: "காலைல ஒம்பது மணி. ஒரு ஆபீஸ்ல யாருக்கும் நெட் வரல. நீ போய் நிக்கற. மொதல்ல இன்னா பண்ணுவ?"

நான் புத்தகத்தில் இருந்த ஏழு படிகளையும் வரிசையாகச் சொன்னேன். மூச்சு விடவில்லை. அந்த அம்மா முடியும்வரை கேட்டார்.

"அங்க இருக்கறவங்க கிட்ட ஏதாச்சும் கேப்பியா?"

"என்ன மேடம்?"

"நேத்து ராத்திரி யாராவது எதையாவது மாத்தினீங்களா, பெருக்கறவங்க ஏதாவது ஒயர புடுங்கினாங்களான்னு?"

புத்தகத்தில் அது இல்லை என்று என் வாயில் வந்துவிட்டது நைனா. சொல்லியே விட்டேன். அந்த இளைஞன் குனிந்துகொண்டான். சிரிப்பை மறைக்கத்தான். "நீயா கெட்டுப்போன ஒண்ண சரி பண்ணியிருக்கியா? வீட்ல, காலேஜ்ல, எங்கயாவது?" என்றார் அந்த அம்மா. ரப்பர் வளையத்தைப் பற்றியா சொல்வேன்? மற்ற இரண்டு இடத்திலும் இதே கதைதான். ஆரம்பநிலை வேலை என்று போட்டுவிட்டு ஒரு வருட அனுபவம் கேட்கிறார்கள்.

அதே கண்ணாடிக் கட்டடத்தில் போன வாரம் கார்த்தி சேர்ந்துவிட்டான். ஒரு சர்டிபிகேட் கிடையாது. ஆஸ்பத்திரிக்கு வந்துபோன ஒருவர் அவன் வேலை செய்வதைப் பார்த்து, கையோடு கூட்டிக்கொண்டு போனார். இன்னும் கேள். இப்போது அவனை இதே பரீட்சை எழுதச் சொல்கிறார்களாம், கம்பெனியே லீவு கொடுத்து. "ரொம்ப ஈசி ஜாக்கு, எல்லாம் நான் டெய்லி பண்றதுதான்" என்கிறான். நான் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தேன்.

மே மாதம் நீ அவனை உட்காரச் சொல்லியிருந்தால் அந்த நாற்காலியில் நானும் இருந்திருப்பேன். ஆகஸ்டில் நீ உள்ளே வராமல் இருந்திருந்தால் நாலு மாதம் மிச்சமாகியிருக்கும். இரண்டு கதவு நைனா. ஒன்றைச் சாத்தினாய், ஒன்றைத் திறந்தாய். இரண்டுமே தப்பான நேரத்தில்.

ஜாக்குலின்


சதுரங்கப்பட்டினம்
9 பிப்ரவரி 2025

ஜாக்குலினுக்கு,

உன் சர்டிபிகேட்டை ரேணுகா லேமினேட் போட்டுக் கொடுத்தாள். மாதா படத்துக்குப் பக்கத்தில் ஆணி அடித்து மாட்டியிருக்கிறேன். எது உன் பெயர் என்று அவளைத் தொட்டுக் காட்டச் சொன்னேன்.

கார்த்தி விஷயம் என் தப்பு. அதை எழுது என்று ரேணுகாவிடம் இரண்டு முறை சொன்னேன். எழுதிவிட்டாளா? சரி.

இரண்டாவது கதவைப் பற்றி இப்போது பேசுகிறேன். ரேணுகா வேண்டாம் தாத்தா என்கிறாள். எழுது என்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை ஜெரோம் வந்தான். பேத்தி கவியாவுக்கு மார்ச் இருபத்தெட்டு பத்தாம் வகுப்புப் பரீட்சை. இருபத்தேழே வந்துவிடுகிறேன், ராத்திரி தங்கி, காலையில் சிலுவை போட்டு அனுப்பி வைக்கிறேன் என்றேன். அவன் கூரையைப் பார்த்தான். "நீ எதுக்கு நைனா அவ்ளோ தூரம் அலையணும்? அதான் பங்கு சாமியாரு கீறாரே" என்றான். பிறந்த அன்றே நான் நெற்றியைத் தொட்ட பிள்ளை. தெருப் பிள்ளைகள் வராததைத் தாங்கிக்கொண்டேன்.

நீ எனக்கு மூன்று முறை சொன்னாய். உண்மை. முதல் நாள் ராத்திரி இன்னொன்றும் சொன்னாய். மறந்திருப்பாய், நான் மறக்கவில்லை. "தொண்ணூறு கேள்வி, தொண்ணூறு நிமிஷம். நிமிஷத்துக்கு ஒண்ணு நைனா."

நான் ஜன்னல் இடுக்கு வழியாக உன்னைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ரொம்ப நேரமாக உன் கை அசையவில்லை. தோள் குலுங்கியது. உள்ளே வந்தேன். உன் பின்னால் நின்றேன். படிப்பில்லாதவன் கம்ப்யூட்டரைப் பார்த்தாலும் ஒன்றும் புரியாது என்று நினைத்துக்கொண்டாய். எழுத்து தெரியாது, எண் தெரியும் என்று போன கடிதத்திலேயே சொன்னேன். வலது பக்க மேல் மூலையில் நேரம் இறங்கிக்கொண்டிருந்தது. ஆறு நிமிடம், பன்னிரண்டு விநாடி. இடது பக்கத்தில் இருபத்து மூன்று, ஒரு கோடு, தொண்ணூறு.

இருபத்து மூன்றாவது கேள்வியிலேயே நீ நின்றுபோயிருந்தாய். இன்னும் அறுபத்தேழு பாக்கி. ஆறு நிமிடத்தில் எந்த மாதா வந்தாலும் முடியாது.

கம்ப்யூட்டருக்குள் ஒருவன் பார்ப்பான் என்று எனக்குத் தெரியாது என்று முதல் கடிதத்தில் சொன்னேன். அது பொய். தெரியும். முகம் தெரிந்தால் ரத்து என்று தெரியும். தெரிந்துதான் குனிந்தேன். தோற்றாள் என்பதைவிட ரத்தாகிவிட்டது என்பது மேல் என்று அந்த நேரத்தில் தோன்றியது. இல்லை, அவ்வளவு யோசித்தேனா என்றும் தெரியவில்லை. நீ அழுதாய், கால் வந்துவிட்டது. அதற்குமேல் என்னால் சொல்ல முடியவில்லை.

நீ தெருவுக்கு எதைச் சொன்னாலும் பொறுத்திருப்பேன். பொறுத்துக்கொண்டும் இருந்தேன், ஆறு மாதம். ஆனால் நீ எனக்கே எழுதுகிறாய், நான் கெடுத்தேன் என்று. இருபத்து மூன்றைப் பார்த்தவனிடம்.

ஜெரோமிடம் ஒரு வார்த்தை சொல். மார்ச் இருபத்தெட்டுக்கு முன்னால்.

இன்னாசி
(இடது கைப் பெருவிரல் ரேகை)


செங்கல்பட்டு
16 மார்ச் 2025

நைனா,

உன் கடிதம் வந்து ஐந்து வாரமாகிறது. நாலு முறை எழுதிக் கிழித்தேன்.

இருபத்து மூன்றுதான். பத்தாவது கேள்வியிலேயே திணற ஆரம்பித்துவிட்டேன். ஒவ்வொரு கேள்வியையும் நாலு முறை படித்தேன். படித்தது எல்லாம் இங்கிலீஷாக இருந்தது, எதுவும் கம்ப்யூட்டராக இல்லை.

உனக்குத் தெரியாத ஒன்றை நானும் சொல்கிறேன். நீ சிலுவை போட்டதும் பரீட்சை ரத்தாகவில்லை. ஓரத்தில் ஒரு சின்னக் கட்டம் திறந்தது. "உங்கள் அறையில் ஒருவர் இருக்கிறார். அவரை வெளியே அனுப்பிவிட்டு, கேமராவில் அறையைச் சுற்றிக் காட்டுங்கள்" என்று வந்தது. அதற்குப் பதில் சொன்னால் தொடர்ந்திருக்கலாம். நான் மடிக்கணினியை மூடிவிட்டேன். மூடியது என் கை. அப்புறம்தான் ரத்து. நீ வந்ததும் எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா? அந்த நிம்மதிக்காகத்தான் உன்மேல் அவ்வளவு கோபம்.

"உன் தங்கச்சிக்கு அதெல்லாம் வராது" என்று அண்ணி ஜெசிந்தா ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தார்கள். அவர்கள் காதுக்கு நான் தோற்றேன் என்று போகக் கூடாது. அவ்வளவுதான் காரணம். இப்போது எழுதும்போது எவ்வளவு அற்பமாக இருக்கிறது.

முகவரியைப் பார்த்திருப்பாய். இல்லை, ரேணுகாக்கா படித்திருப்பார்கள். கார்த்தி விட்டுப்போன இடம் காலியாகவே இருந்தது. மார்ச் மூன்றாம் தேதி சேர்ந்தேன். அதே ஆஸ்பத்திரி. நிர்வாகி என் சர்டிபிகேட்டைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். "இவ்ளோ வச்சிகினு இங்க எதுக்கும்மா வந்த? ரெண்டு மாசத்துல பறந்துடுவ" என்றார். ஒரு வருடம் இருப்பேன் என்று எழுதி வாங்கிக்கொண்டார். முதல் நாளே பில்லிங் கவுன்டரில் பிரின்டர் நின்றுபோனது. நர்ஸ் ஒருத்தி வராந்தா முழுக்கக் கேட்கிற மாதிரி "ஏய் கம்ப்யூட்டரு! இங்க வா!" என்று கூப்பிட்டாள். நாற்பது நோயாளிகள் என்னைப் பார்த்தார்கள். நான் முதலில், காலையில் யார் இதைத் தொட்டீர்கள் என்று கேட்டேன். பெருக்க வந்த அம்மா ஒயரைப் பிடுங்கிவிட்டு வேறு ஓட்டையில் செருகியிருந்தார். பரண்மேல் ஏறி ஒயரும் இழுத்தேன் நைனா. சிலந்தி வலை தலை முழுக்க.

அண்ணனுக்குத் தனித்தாளில் எல்லாவற்றையும் எழுதி இதற்குள் வைத்திருக்கிறேன். இருபத்து மூன்று, நான் மூடியது, எல்லாம். போனில் சொன்னால் அண்ணி பக்கத்தில் இருப்பார்கள், எனக்கு வாய் வராது. நீயே கொண்டுபோய்க் கொடு.

ஜாக்குலின்


சதுரங்கப்பட்டினம்
30 மார்ச் 2025

ஜாக்குலினுக்கு,

உன் தாளை பிளாஸ்டிக் கவரில் போட்டு, சட்டைக்கு உள்ளே வைத்துக்கொண்டு இருபத்தேழாம் தேதி மத்தியானம் செய்யூர் போனேன். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டேன். சிலுவை போடுகிற வலது விரல் நகத்தைக்கூட வெட்டிக்கொண்டேன்.

ஜெரோம் வாசலில் நின்றபடியே படித்தான். வாய்விட்டுப் படி என்றேன். படித்தான். ஜெசிந்தா சவுக்குக் கட்டையை அடுப்பில் தள்ளிக்கொண்டே கேட்டாள்.

"ஜாக்குலின் கையெழுத்துதான்" என்றான் ஜெரோம்.

"யாரு கையெழுத்துன்னா நான் கேட்டேன்?" என்றாள் ஜெசிந்தா. பிறகு என்னைப் பார்த்தாள். மரியாதையாகத்தான் பேசினாள். "ஏழு மாசம் அவ பொய் சொல்லிகினு இருந்தா. நீங்க தெரிஞ்சே வாய மூடிகினு இருந்தீங்க மாமா. அன்னிக்கி சொன்னது பொய்யின்னா இன்னிக்கி எழுதனது மட்டும் நெசம்னு எப்டி நம்பறது? வயசான காலத்துல நைனா மனசு நோவக் கூடாதுன்னு கூட எழுதியிருப்பா."

எனக்குப் பதில் வரவில்லை. நூற்றுப் பதினேழு லாரி எண்ணைச் சொன்ன வாய்.

கவியாவைக் கூப்பிட்டேன். வந்தாள். உன் மாதிரியே நெற்றி. பக்கத்தில் வந்து நின்று என் கையைப் பிடித்துக்கொண்டாள், தலையைக் குனியவில்லை. "தாத்தா, எனக்கு உன் மேல ஒண்ணும் இல்ல. நாளிக்கி மட்டும் வேணாம். தமிழு பரீட்சை. ரிசல்ட்டு வந்தப்புறம் போடேன்" என்றாள். பயப்படுகிற பிள்ளையை நான் என்ன செய்வது? சரி என்றேன். மீன் குழம்பு போட்டார்கள். சாப்பிட்டேன். தங்கச் சொன்னார்கள். ஆறு பத்து பஸ்ஸில் திரும்பிவிட்டேன். ஜன்னலோரம் இடம் கிடைத்தது.

நேற்று சாராள் வந்தாள். அவள் மகளும் நீ எழுதிய பரீட்சையை எழுத வேண்டும் என்கிறாளாம். "எழுதலாமா அண்ணாத்த? வேல கெடைக்குமா?" என்று கேட்டாள். எழுதட்டும், கூப்பிடுவார்கள் என்றேன். ஆனால் அதற்கு முன்னால் எங்கேயாவது ஒயர் இழுக்கிற வேலை வந்தால், சம்பளம் பார்க்காமல் அனுப்பு, எவனாவது கூப்பிட வந்தால் உட்காரவை, டீ கொடு என்றேன். நன்றாகக் கேட்டுக்கொண்டாள். எழுந்து போகும்போது திரும்பி, "நல்லா சொன்ன அண்ணாத்த. பரீட்ச அன்னிக்கி மட்டும் நீ அச்சிறுபாக்கம் மலைக்குப் போயி மாதாகிட்ட வேண்டிக்கயேன். பஸ்சுக்கு நான் குடுக்கறேன்" என்றாள். சேவலைக் கட்டிப்போட வேண்டுமா என்று கேட்டேன். அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். அவள் கேலிக்குச் சொல்லவில்லை.

உன் தாளை ஜெரோம் திருப்பிக் கொடுத்துவிட்டான். இப்போது என்னிடம்தான் இருக்கிறது. ரேணுகா அதைப் பார்த்துவிட்டு, "இதயும் லேமினேட் போட்டுத் தரட்டா தாத்தா?" என்று கேட்டாள். நல்ல பெண். போட்டு யாரிடம் காட்டுவேன் என்றேன்.

உன்னைத் திட்டுவதற்கு இன்னும் நிறைய வைத்திருந்தேன். வரும் வழியில் பஸ்ஸில் வரிசைப்படுத்திக்கூட வைத்திருந்தேன். எல்லாம் நினைவில் இருக்கிறது. ஆனால் சொல்லத் தோன்றவில்லை. ஆஸ்பத்திரியில் ஒரு வருடம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறாய். இரு. பரண்மேல் ஏறும்போது ஏணியை யாரையாவது பிடித்துக்கொள்ளச் சொல்.

ரேணுகா மைப் பெட்டியைத் திறந்து வைத்திருக்கிறாள். எப்போதும் இடது விரலைத்தான் நீட்டுவேன். இன்று வலது விரலை நீட்டினேன். "அது செல்லாது தாத்தா" என்றாள்.

தெரியும் என்றேன். வைத்துக்கொள் என்றேன்.

இன்னாசி
(வலது கைப் பெருவிரல் ரேகை)